மேட்டில் மட்டும் மிஸ் அடித்த வண்டி

மூன்றாவது முறையும் ஸ்கேனர் அதே குறியீட்டைத்தான் காட்டியது. பி0303. மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அந்தச் சிலிண்டர் சரியாக வெடிக்காமல் தவறுகிறது.

முதல் முறை வந்தபோது நான்கு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினார்கள். 19 நாள் ஓடியது. இரண்டாவது முறை மூன்றாவது சிலிண்டரில் பிளக்குக்கு வோல்டேஜ் கொடுக்கும் இக்னிஷன் காயிலை மாற்றினார்கள். 11 நாள். மூன்றாவது முறை மறுபடியும் பிளக். இந்தத் தடவை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒவ்வொரு முறையும் வண்டியைத் திரும்ப எடுக்கும்போது இன்ஜின் பட்டுப்போல ஓடும், செக் இன்ஜின் விளக்கு அணைந்திருக்கும், பிரச்சினை தீர்ந்தது என்று நானும் நம்புவேன். அப்புறம் ஒரு நாள் அதே மேடு, அதே நான்காவது கியர், அதே உதறல்.

வண்டி 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல். டர்போ என்றால் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் ஊதும் விசிறி. நான்கு சிலிண்டர், டைரக்ட் இன்ஜெக்‌ஷன், ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனி காயில். காலையில் சாவியைத் திருப்பிய உடனே ஸ்டார்ட் ஆகும். ஐடிலிங்கில் ஒரு நடுக்கம் கிடையாது. சமதரையில் நிதானமாகப் போனால் குறை சொல்லவே முடியாது. மேட்டில், 2000 ஆர்பிஎம் பக்கம், ஆக்சிலேட்டரை அழுத்தினால் மட்டும் யாரோ பின்னாலிருந்து பிடித்துப் பிடித்து விடுவதுபோல உதறும். விளக்கு மினுக்கத் தொடங்கும்.

அந்த விளக்கைப் பற்றி ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு குறை பதிவாகியிருக்கிறது, சீக்கிரம் பார்த்துக்கொள்ளலாம். மினுக்கினால் கதை வேறு. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் எரிகிறது, அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகிப் போகலாம் என்று அர்த்தம். மினுக்கினால் உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று மிதித்துக்கொண்டே போகாதீர்கள்.

மூன்றாவது முறைக்குப் பிறகு வண்டியை உடனே பட்டறைக்குக் கொண்டுபோகவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வண்டியில் போட்டேன். மிஸ் அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஓரமாக நிறுத்தி எழுதினேன்: என்ன கியர், என்ன ஆர்பிஎம், இன்ஜின் சூடாக இருந்ததா, மழையா வெயிலா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல். பத்து நாளில் ஒரு பக்கம் நிறைந்தது. பார்த்தால் சூடு, குளிர், மழை, பெட்ரோல் அளவு எதிலும் ஒற்றுமை இல்லை. ஒன்றில் மட்டும் மாற்றமே இல்லை. எல்லா முறையும் டர்போ நன்றாக ஊதிக்கொண்டிருந்தது. பூஸ்ட், அதாவது டர்போ ஊதும் அழுத்தம், இல்லாத நேரத்தில் ஒரு தடவைகூட மிஸ் அடிக்கவில்லை.

இந்த ஒரு பக்கக் குறிப்பு முதல் நாளே என் கையில் இருந்திருக்க வேண்டும். இருந்திருக்கவும் முடியும். ஏனென்றால் இன்ஜின் கம்ப்யூட்டரே இதை எழுதி வைக்கிறது. குறியீடு பதிவாகும் அந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், இன்ஜின் மேல் இருந்த சுமை, கூலன்ட் சூடு எல்லாவற்றையும் ஒரு புகைப்படம் எடுத்ததுபோலச் சேமித்து வைக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். சாதாரண ஸ்கேனரிலேயே படிக்கலாம். ஆனால் குறியீட்டை அழித்தால் அதுவும் சேர்ந்து அழிந்துவிடும். என் வண்டியில் மூன்று முறையும் முதல் வேலையாகக் குறியீட்டைத்தான் அழித்தார்கள். விளக்கு அணைந்தது, தடயமும் போனது. இது எனக்கு இன்றும் ஆதங்கம்தான். தயவுசெய்து அழிப்பதற்கு முன் அந்தத் திரையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மிஸ்ஃபயரைக் கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்தால் அந்தக் குறியீட்டை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். சிலிண்டருக்குள் எட்டிப் பார்க்கும் கண் எதுவும் அதற்குக் கிடையாது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டோடு சுற்றும் பல்சக்கரத்தை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் அரைச் சுற்றுக்கு ஒரு சிலிண்டர் வெடித்து கிராங்கைத் தள்ளும். 2000 ஆர்பிஎம்மில் அந்த அரைச் சுற்றுக்கு 15 மில்லிசெகண்ட். ஏதாவது ஒரு சிலிண்டர் தள்ளாமல் விட்டால் அந்த அரைச் சுற்று மட்டும் கொஞ்சம் தாமதமாகும். அந்தத் தாமதத்தை வைத்துத்தான் எந்தச் சிலிண்டர் என்று சொல்கிறது. ஆக, பி0303 என்றால் ‘மூன்றாவது சிலிண்டர் தள்ளவில்லை’ என்பது மட்டும்தான். பிளக் போச்சு, காயில் போச்சு என்று அது சொல்வதே இல்லை. தீப்பொறி வராமல் இருக்கலாம், பெட்ரோல் வராமல் இருக்கலாம், காற்றை அழுத்திப் பிடிக்க முடியாமல் இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே குறியீடு.

சரி, பூஸ்ட்டில் மட்டும் ஏன்?

ஐடிலிங்கில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் காற்றழுத்தம் சுமார் 0.35 பார்தான். டர்போ முழுதாக ஊதும்போது அது 2 பாரை நெருங்கும். அதாவது சிலிண்டருக்குள் ஐந்தாறு மடங்கு காற்று. பிஸ்டன் அதை மேலே அழுத்திக் கொண்டுவந்த பிறகுதான் பிளக் பொறி விட வேண்டும். 1889-இல் ஃப்ரீட்ரிஷ் பாஷென் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் இதை அளந்து பார்த்திருக்கிறார். இரண்டு முனைகளுக்கு நடுவே பொறி தாண்டத் தேவையான வோல்டேஜ், வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியின் அளவையும் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது என்றார். அவர் அதை எழுதியபோது டர்போ என்ற ஒன்றே கிடையாது. ஆனால் என் வண்டி மேட்டில் உதறியதற்கு விளக்கம் அதில் இருக்கிறது. அழுத்தம் ஏறினால் வோல்டேஜும் ஏற வேண்டும். பொறி விடும் அமைப்பில் ஒரு சின்ன பலவீனம் இருந்தாலும் ஐடிலிங்கில் அது வெளியே தெரியாது. மேட்டில் தெரிந்துவிடும்.

டர்போ வண்டிகளில் பிளக் இடைவெளியைக் குறைத்து வைப்பது இதனால்தான். டர்போ இல்லாத வண்டியில் ஒரு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் சாதாரணமாக இருக்கும். என் வண்டியின் கையேட்டில் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. புதிதாக மாட்டிய பிளக்குகளைக் கழற்றி அளந்தேன். 0.95, 0.9, 1.0, 0.95. பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டியிருக்கிறார்கள். பெட்டியில் இருக்கும் இடைவெளி எந்த வண்டிக்கானது என்று பிளக்குக்குத் தெரியாது, மாட்டுபவர்தான் அளக்க வேண்டும். இரிடியம் பிளக் என்றால் கம்பி கேஜ் வைத்து அளந்து, வெளியே வளைந்திருக்கும் பட்டையை மட்டும் மெல்ல அசைத்துச் சரிசெய்ய வேண்டும். நடுவில் ஊசிபோல நிற்கும் முனையில் எதையும் வைத்து அழுத்தக் கூடாது, ஒடிந்துவிடும்.

நான்கையும் 0.7-க்குக் கொண்டுவந்து மாட்டினேன். உதறல் கொஞ்சம் குறைந்தது. போகவில்லை.

அடுத்து எனக்குச் சந்தேகம் காற்றின் மேல் போனது. டர்போவிலிருந்து, காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் வழியாகத் த்ராட்டில் வரை வரும் ஹோஸ்களில் எங்காவது ஓட்டை இருந்தால் அளந்து உள்ளே விட்ட காற்று வழியிலேயே தப்பித்துவிடும், பெட்ரோல் மட்டும் கணக்குப்படி வரும், கலவை கெட்டுப்போகும். ஒரு பட்டறையில் புகை விட்டுப் பார்த்தோம். இன்டர்கூலருக்குக் கீழே ஒரு கிளாம்ப் தளர்ந்து, மெலிசாகப் புகை கசிந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று அவ்வளவு சந்தோஷம். கிளாம்பை மாற்றியதும் இழுவை நன்றாகவே கூடியது. ஆனால் அன்று மாலையே மேட்டில் மூன்றாவது சிலிண்டர் மிஸ் அடித்தது. யோசித்தால் அந்தக் கசிவு இதற்குக் காரணமாக இருந்திருக்க முடியாது. பொதுக் குழாயில் ஓட்டை இருந்தால் நான்கு சிலிண்டரும் சேர்ந்து கஷ்டப்படும். மூன்றாவதை மட்டும் தேடிப் பிடிக்காது. ஃப்யூயல் டிரிம்மும், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கணக்கும், அதையே சொன்னது. நீண்டகால டிரிம் +3 சதவீதத்தில் அசையாமல் நின்றது. கலவையில் பெரிய கோளாறு இருந்தால் அது அப்படி நிற்காது.

கம்ப்ரஷனும், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பதும், பார்த்துவிட்டேன். 12.2, 12.4, 12.0, 12.3 பார். நான்கும் பக்கத்தில் பக்கத்தில். இந்தச் சோதனையில் எண்களைவிட நான்குக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். வால்வும் ரிங்கும் நன்றாக இருக்கின்றன என்று மனசு கொஞ்சம் அமைதியானது.

இனி காயில். ஒரு சிலிண்டரில் சந்தேகம் வந்தால் அதன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, மிஸ்ஃபயரும் கூடவே போகிறதா என்று பார்ப்பது எல்லோரும் செய்கிற சோதனை. பைசா செலவில்லாதது. மூன்றாவது காயிலை முதல் சிலிண்டரிலும், முதல் காயிலை மூன்றாவதிலும் போட்டேன். மிஸ்ஃபயர் மூன்றிலேயே இருந்தால் காயில் நல்லது. ஒன்றுக்குப் போனால் காயில் கெட்டது. இரண்டில் ஒன்றுதான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டு மேடு ஏறினேன்.

பி0301, பி0303. இரண்டும் வந்தது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. வயரிங்கா, கம்ப்யூட்டரா, அல்லது இரண்டாவதாக ஒரு கோளாறு புதிதாகத் தொடங்கிவிட்டதா? எனக்கு வண்டி வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிறது. போன் செய்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். முழுதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“தம்பி, காயிலை மாத்துனப்ப பிளக்கையும் சேத்து மாத்துனாங்களா?”

“இல்லண்ணே. ஒரு தடவை பிளக், ஒரு தடவை காயில், அப்புறம் மறுபடியும் பிளக்.”

“ரெண்டையும் ஒண்ணா கழட்டி வெளிச்சத்துல வச்சுப் பாரு. பிளக்கோட வெள்ளைப் பீங்கானைப் பாரு.”

மறுநாள் காலை மூன்றாவது பிளக்கைக் கழற்றி ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தேன். முனை நன்றாக இருந்தது, மெலிதான பழுப்பு நிறம். இதுவரை எல்லோரும் முனையைத்தான் பார்த்திருந்தோம். பீங்கானைத் திருப்பினேன். மேலிருந்து கீழே, தலையிலிருந்து இரும்பு உடல் வரை, கூரான பென்சிலால் இழுத்ததுபோல ஒரு கறுப்புக் கோடு. நேராக இல்லை, மரத்தின் வேர்போல லேசாக வளைந்து இறங்கியது. கட்டைவிரலால் தேய்த்தேன், போகவில்லை. பெட்ரோலில் நனைத்த துணியால் தேய்த்தேன், அப்போதும் போகவில்லை.

(பீங்கானின் அடியில், இரும்போடு சேரும் இடத்தில், வளையமாகத் தெரியும் பழுப்புக் கறையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அதிக வோல்டேஜால் எண்ணெய்த் துகள்கள் ஒட்டிக்கொள்வது. தீங்கில்லை. நல்ல பிளக்கிலும் இருக்கும்.)

அடுத்து அந்தப் பழைய மூன்றாவது காயில், இப்போது ஒன்றில் இருப்பது. அதன் அடியில் நீளமாக ஒரு ரப்பர் பூட் இருக்கும், அதுதான் பிளக்கின் பீங்கானை இறுக்கிப் பிடிக்கும். பூட்டின் வாய் உப்பிப் போய் வழவழவென்று இருந்தது. எப்படியும் மாற்றப்போவதுதானே என்று பிளேடால் நீளவாட்டில் கிழித்து விரித்தேன். உள்சுவரில் அதே வளைவோடு அதே கோடு. பிளக்கில் இருந்ததன் அச்சு.

எல்லாம் அப்போதுதான் புரிந்தது. வோல்டேஜ் ஏறும்போது மின்சாரம் லேசான வழியைத் தேடும். சிலிண்டருக்குள் நெருங்கிக் கிடக்கும் காற்றைத் துளைப்பதைவிட, பீங்கானுக்கும் ரப்பருக்கும் நடுவே நழுவி வெளியே இருக்கும் இரும்பைத் தொடுவது லேசாக இருந்தால் அப்படியே போய்விடும். ஒரு தடவை போனால் அந்தத் தடத்தில் கரி படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த முறை அந்த வழி இன்னும் லேசு. பிளக்கை மட்டும் மாற்றினால் பழைய பூட்டில் இருக்கும் கரிக்கோடு புதுப் பிளக்கிலும் கோடு போட்டுவிடும். காயிலை மட்டும் மாற்றினால் பழைய பிளக்கின் கோடு புதுப் பூட்டுக்குள் ஏறிவிடும். 19 நாள், 11 நாள், ஒரு வாரம் என்று வந்ததெல்லாம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்ற எடுத்துக்கொண்ட நேரம். நான் காயிலை இடம் மாற்றியபோது நோயை இரண்டாகப் பிரித்து இரண்டு சிலிண்டருக்குக் கொடுத்துவிட்டேன். கெட்ட பூட் ஒன்றாவது பிளக்கைக் கெடுத்தது, கெட்ட பிளக் மூன்றில் இருந்தபடியே மிஸ் அடித்தது. சோதனை தப்பான பதிலைச் சொல்லவில்லை. பிளக்கையும் காயிலையும் ஒரே உறுப்பாக நினைக்காமல் நான்தான் கேள்வியைப் பாதியாகக் கேட்டிருந்தேன்.

இங்கேயே நிறுத்தி, இரண்டு காயிலும் நான்கு பிளக்கும் ஒன்றாக மாற்றியிருந்தால் வண்டி சரியாகியிருக்கும், சில மாதத்துக்கு. பூட் உப்பியிருந்ததுதான் என்னை விடவில்லை. ரப்பர் சும்மா உப்பாது, எண்ணெய் பட்டால்தான் உப்பும். இரண்டாவது முறை வண்டியை எடுக்கப் போனபோது பட்டறையில் ஒருவர் போகிற போக்கில் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது: “மூணாவது பிளக் குழியில கொஞ்சம் ஆயில் இருந்துச்சு சார், தொடச்சு விட்டாச்சு.”

டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றாவது குழியின் அடியில் மீண்டும் எண்ணெய் மினுங்கியது. மற்ற மூன்றும் காய்ந்து கிடந்தன. டேப்பட் கவருக்கும் பிளக் குழிக்கும் நடுவே இருக்கும் சீல் அங்கே விட்டிருந்தது. கேஸ்கட் வயதானால் கசியும், அது சகஜம். ஆனால் இது டர்போ வண்டி. டர்போவில் எண்ணெய் வெளியே தள்ளப்படுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்.

எல்லா இன்ஜினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு, கிராங்க் ஷாஃப்ட் இருக்கும் அடிப்பெட்டியான கிராங்க் கேஸுக்குள் இறங்கும். பிசிவி வால்வு அதை இழுத்து மறுபடியும் இன்டேக்குக்கு அனுப்பும். டர்போ இல்லாத வண்டியில் இன்டேக் பெரும்பாலும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், சிக்கல் இல்லை. டர்போ வண்டியில் பூஸ்ட் வந்ததும் மேனிஃபோல்டில் அழுத்தம் தலைகீழாகிவிடும். அந்த நேரத்தில் வழியை அடைக்க ஒரு ஒருவழி வால்வு இருக்கிறது. பூஸ்ட் வரும்போது அது மூடிக்கொள்ளும், கிராங்க் கேஸ் வாயு வேறு குழாய் வழியாக டர்போவின் முன்பக்கம் போகும். அந்த வால்வு மூடாவிட்டால் டர்போ ஊதும் காற்று நேராகக் கிராங்க் கேஸுக்குள் போய், எந்த சீல் பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியாக எண்ணெயை வெளியே தள்ளும்.

வால்வைக் கழற்றினேன். சுத்தமான ஒரு சிறு குழாயை மாட்டி வாயால் ஊதினேன், காற்று போனது. திருப்பி மாட்டி ஊதினேன், அப்போதும் தடையில்லாமல் போனது. புதிதாக வாங்கியதில் ஒரு பக்கம் மட்டும்தான் போனது, மறுபக்கம் ஊதியபோது கன்னம்தான் உப்பியது.

கடைசியில் செய்த வேலை அதிகமில்லை. புது ஒருவழி வால்வு. டேப்பட் கவர் கேஸ்கட்டும் பிளக் குழி சீல்களும் புதிது. குழிகளைத் துடைத்துக் காயவைத்து, நான்கு புதுப் பிளக், எல்லாம் 0.7 மில்லிமீட்டர். ஒன்றிலும் மூன்றிலும் புதுக் காயில், பூட்டோடு சேர்த்து. பூட்டின் உள்ளே மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் லேசாக ஒரு பூச்சு. அரை நாளில் முடிந்தது. கண்டுபிடிக்கத்தான் மூன்று மாதம் ஆனது.

எல்லா மிஸ்ஃபயரும் இப்படித்தான் என்று நான் சொல்லமாட்டேன். காலையில் குளிர்ந்த இன்ஜினில் மட்டும் உதறி, சூடானதும் சரியாகிவிட்டால் நான் முதலில் இன்டேக் வால்வில் படிந்த கரியைச் சந்தேகிப்பேன். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் போவதால் வால்வின் முதுகைக் கழுவ எதுவும் இல்லை, வருஷக்கணக்கில் கரி ஏறும். சூடான இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யும்போது உதறினால் இன்ஜெக்டர் சொட்டுகிறதா என்று பார்ப்பேன். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து மிஸ் அடித்து, கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட். ஐடிலிங்கில் மட்டும் நடுங்கி, மிதித்தால் நன்றாக ஓடினால் எங்கோ வேக்குவம் கசிகிறது. எப்போது வருகிறது என்று தெரியாமல் இதில் எதையும் பிரிக்க முடியாது. அதனால்தான் அந்த நோட்டுப் புத்தகத்தை இவ்வளவு வற்புறுத்துகிறேன். பட்டறைக்குப் போகும்போது ‘மிஸ் அடிக்குது’ என்று மட்டும் சொல்லாமல், ‘நாலாவது கியரில், 2000 ஆர்பிஎம்மில், மேட்டில் மட்டும்’ என்று சொல்லிப் பாருங்கள். கேட்கிறவர் முகமே மாறும்.

வேலை முடிந்த அன்று மாலை ஸ்கேனரை மாட்டிக்கொண்டு அதே மேட்டுக்குப் போனேன். ஒவ்வொரு சிலிண்டரும் எத்தனை முறை தவறியது என்ற கணக்கை இன்ஜின் கம்ப்யூட்டர் தனியாக வைத்திருக்கும், மோட் 6 என்ற பகுதியில் படிக்கலாம். நான்காவது கியர், 1900 ஆர்பிஎம், காலை முழுதாக வைத்து அழுத்தினேன். வண்டி ஒரே மூச்சில் ஏறியது. உச்சியில் ஓரமாக நிறுத்திப் படித்தேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். பெரியவருக்குப் போன் செய்தேன்.

“குழி காஞ்சிருக்கா?” என்றார். “ஒரு மூணு மாசம் கழிச்சு இன்னொருக்கா தொறந்து பாரு.”

போன வாரம் திறந்து பார்த்தேன். மூன்றாவது குழி காய்ந்து கிடந்தது. பிளக்கை எடுத்து ஜன்னல் பக்கம் வைத்து மெதுவாக ஒரு சுற்றுத் திருப்பினேன். பீங்கான் முழுதும் வெள்ளை.